மதுரைப் பழைய நகரின் வீதிப் பெயர்கள்: எது ஆதாரம் உள்ளது, எது சும்மா சொல்வது?

கூடல் வாசகன் கேட்டது:

வணக்கம். எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு காலை நேர நடைக்கு அழைத்துப் போகிறோம். வீதிகளும் கட்டடங்களும் ஏன் இந்தப் பெயர்களால் அழைக்கப்படுகின்றன என்று நாலு பக்கக் கையேடு அச்சடிக்க வேண்டும். கைக்குக் கிடைத்த துண்டுப் பிரசுரங்களும் வாட்ஸ்அப் தகவல்களும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. தெரிந்தவர்கள் திருத்தவும்.

1. சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதியில். அப்படியானால் சித்திரை வீதிக்கு ஏன் அந்தப் பெயர்?
2. மாரட் வீதி என்பது மராட்டியர் குடியிருந்த வீதி என்று ஒரு பிரசுரம் சொல்கிறது. சரியா?
3. ஆவணி மூல வீதியா, ஆவணி மூலை வீதியா? கடைப் பலகைகளில் இரண்டும் இருக்கின்றன.
4. வடம்போக்கித் தெரு என்றால் என்ன?
5. விளக்குத்தூணும் பத்துத்தூணும் ஒரே அரண்மனையின் மிச்சங்களா?
6. இதுபோல யாரும் எழுதாத சின்னச் சந்து ஒன்றின் பெயரைச் சரிபார்க்க எங்கே போவது, என்ன கேட்பது?

---

தேர்முட்டி எழுதியது:

முதல் கேள்வி, மூன்றாவது, நாலாவது மூன்றும் ஒரே விஷயத்தைத் தொடுகின்றன. சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

வீதிகளை உள்ளேயிருந்து வெளியே எண்ணுங்கள். கோயில் மதிலுக்கு உள்ளே நான்கு கோபுரங்களையும் இணைத்துச் சுற்றுவது ஆடி வீதி. மதிலுக்கு வெளியே ஒட்டினாற்போல் சித்திரை வீதி. அதற்கு அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கும் அடுத்து மாசி வீதி. இந்த நாலும் சாமி புறப்பாட்டு வீதிகள், எந்த மாதத்து விழாவுக்கு எந்தச் சுற்றில் உலா என்பதுதான் பெயர். அதற்கும் வெளியே இருக்கும் வெளி வீதிக்கும் விழாவுக்கும் சம்பந்தமில்லை. அது கோட்டைக் கதை, வேறு யாராவது விரிவாகச் சொல்வார்கள்.

இந்த நாலில் இரண்டு இன்றைக்கும் பெயர்ப்படியே நடக்கின்றன. ஆடி மாதத்து முளைக்கொட்டு விழாவில் அம்மன் ஆடி வீதியில்தான் வலம் வருகிறாள். ஆவணியில் மூல நட்சத்திரத்தை ஒட்டி நடக்கும் விழாவுக்கு ஆவணி மூல வீதி. பிட்டுக்கு மண் சுமந்தது, வளையல் விற்றது, நரியைப் பரியாக்கியது, விறகு விற்றது என்று திருவிளையாடல்கள் நாளுக்கு ஒன்றாக நடித்துக் காட்டப்படுவது அந்த விழாவில்தான். ஆகவே உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில்: மூலம், நட்சத்திரம். 'மூலை' என்று எழுதியிருப்பது பலகை எழுதியவர் வேலை. நாலு மூலையிலும் திரும்பும் வீதிதானே என்று நினைத்துவிடுகிறார்கள். கையேட்டில் இதைக் கட்டாயம் போடுங்கள், மாணவர்கள் பலகைகளில் பிழை பிடிக்க ஆசைப்படுவார்கள்.

மாறிப்போனவை சித்திரையும் மாசியும். முன்பு மீனாட்சி திருக்கல்யாணமும் தேரும் மாசி மாதத்தில் நடந்தன, அதற்குரிய பெரிய சுற்று மாசி வீதி. அப்போது அழகர் சித்திரைப் பௌர்ணமிக்கு ஆற்றில் இறங்கியது தேனூரில். திருமலை நாயக்கர் (ஆட்சி 1623 முதல் 1659 வரை) கல்யாணத்தையும் தேரையும் சித்திரைக்கு மாற்றி, அழகர் விழாவையும் மதுரைக்குக் கொண்டுவந்து இரண்டையும் ஒட்டவைத்தார் என்பது இங்கே எல்லோரும் ஏற்றுக்கொண்ட வரலாறு. விழா மாதம் மாறியது. தேரை வேறு சுற்றுக்கு மாற்ற முடியாது, அதற்குத் தேவையான அகலம் மாசி வீதியில்தான் இருக்கிறது. பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அதனால் சித்திரைத் தேர் மாசி வீதியில் ஓடுகிறது. கையேட்டில் 'மாசி வீதி: மாசி மாதத் தேர் ஓடிய வீதி' என்று இறந்தகாலத்தில் எழுதினால் போதும்.

விழா நாட்களைக் குறிப்பிடுவதாக இருந்தால்: எட்டாம் நாள் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்விஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம், பதினொன்றாம் நாள் தேர். பலர் கல்யாணத்தன்றே தேர் என்று எழுதிவிடுகிறார்கள்.

இனி வடம்போக்கி. கீழமாசி வீதியில் தேர் நிற்கும் இடமான தேர்முட்டியிலிருந்து கிளம்பும் தேர் தெற்குமாசி, மேலமாசி, வடக்குமாசி என்று சுற்றி நிலைக்கு வரும். நேர் வீதியில் இழுப்பது கஷ்டமில்லை, மூலையில்தான் சிக்கல். தேரை வீதியின் கடைசி வரை, அடுத்த வீதியின் நடுக்கோட்டுக்கு நேராக வரும்வரை கொண்டுபோக வேண்டும். ஆனால் தேருக்கு முன்னால் நீள வடமும் அதைப் பிடித்த நூற்றுக்கணக்கான ஆட்களும் இருக்கிறார்கள். எதிரே வீட்டுச் சுவர் இருந்தால் இழுப்பவர்கள் எங்கே நிற்பது? பாதி வழியிலேயே வடத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் இழுப்பு சாய்வாகி, சக்கரம் உள்மூலைக் கட்டடத்தைப் போய்த் தேய்க்கும். அதற்காகத் தேர் வீதி முடியும் இடத்துக்கு நேர் எதிரே ஒரு தெருவைத் திறந்து விட்டிருப்பார்கள். வடமும் ஆட்களும் அதற்குள் போய்விடுவார்கள், தேர் மூலை வரை வந்து நிற்கும். அப்புறம் வடத்தை எடுத்து அடுத்த வீதிக்கு மாற்றி, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து மெள்ளத் திருப்புவார்கள். வடம் போக்க விட்ட தெரு, வடம்போக்கி. மதுரையில் மேல வடம்போக்கித் தெரு உண்டு. திருவாரூரில் கீழ வடம்போக்கித் தெரு. பெரிய தேர் உள்ள எந்த ஊரிலும் இந்தப் பெயரைக் கண்டால் வீதி மூலையைத் தேடுங்கள், பக்கத்தில்தான் இருக்கும்.

---

கொத்தளம் எழுதியது:

கோட்டை என் பங்கு.

மாரட் வீதிக்கும் மராட்டியருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆங்கில எழுத்தில் இருந்த பெயரைத் தமிழில் திருப்பிப் படித்ததால் வந்த கதை அது. மாரட் ஒரு சர்வேயர். பெருமாள் மேஸ்திரி வேலையை நின்று நடத்திய மேஸ்திரி. இரண்டு பேரும் கலெக்டர் பிளாக்பர்னின் கீழ் ஒரே வேலையைச் செய்தவர்கள். நாயக்கர் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, அந்த நிலத்தில் புது வீதிகள் போட்டது 1837ஐ ஒட்டித் தொடங்கிய அந்த வேலை. அதனால்தான் மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும் மாசிக்கும் வெளிக்கும் நடுவில், பழைய சுவரும் அகழியும் இருந்த பட்டையில் கிடக்கின்றன. ஒரு நகரத்தில் சர்வேயருக்குச் சமமாக ஒரு மேஸ்திரியின் பெயரும் வீதியில் நிலைத்தது அபூர்வம். மாணவர்களுக்கு இதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

வெளி வீதி என்பது கோட்டைக்கு வெளியே போன வீதி. வேறு பொருள் தேட வேண்டாம்.

பிளாக்பர்ன் பெயரில் வீதி இல்லை, விளக்குத்தூண் இருக்கிறது. கீழமாசியும் தெற்குமாசியும் கூடும் பக்கத்தில் நிற்கும் அந்தத் தூண் அவர் நினைவாக எழுப்பப்பட்டது. ஊர் அதை 'பிளாக்பர்ன் தூண்' என்று ஒருநாளும் சொன்னதில்லை, விளக்கு இருந்த தூண் விளக்குத்தூண் ஆனது. பத்துத்தூண் முற்றிலும் வேறு. திருமலை நாயக்கர் 1636இல் கட்டிய அரண்மனையில் சொர்க்கவிலாசம், ரங்கவிலாசம் என்று இரண்டு பெரும் பகுதிகள். இன்று மஹால் என்று டிக்கெட் வாங்கிப் பார்ப்பது சொர்க்கவிலாசம். மற்றதில் பெரும்பகுதியை அவர் பேரன் சொக்கநாத நாயக்கர் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். பிரிக்க முடியாமலோ விட்டோ எஞ்சிய தூண்கள் ஒரு சந்துக்குள் நிற்கின்றன, அது பத்துத்தூண் சந்து. துணிக்கடை மறைப்பில் தலையை நிமிர்த்தினால்தான் தெரியும். ஆக, ஒரு தூண் 19ஆம் நூற்றாண்டு, பத்துத் தூண் 17ஆம் நூற்றாண்டு. பக்கத்துப் பக்கத்தில் இருப்பதாலும் இரண்டிலும் 'தூண்' வருவதாலும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

மஹால் பக்கம் போகும்போது நவபத்கானா தெருவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நவுபத் என்பது அரண்மனை வாசலில் வேளைக்கு வேளை முழங்கும் நகரா, நாதஸ்வர வகை வாத்தியம், கானா என்றால் இடம். அரண்மனை எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்பதற்கு இன்று கட்டடமாக மிஞ்சாத ஒரு பகுதியின் சாட்சி இந்தத் தெருப் பெயர்.

வாசல் என்று முடியும் பெயர்களில் கவனம் தேவை. மூன்று காலத்து வாசல்கள் கலந்து கிடக்கின்றன. கோபுர வாசல்கள் கோயிலுடையவை. தெற்குவாசல், கீழவாசல் இரண்டும் நாயக்கர் கோட்டை வாசல்கள் இருந்த இடங்கள், வெளி வீதியை ஒட்டி இருப்பதைப் பார்த்தாலே புரியும். இன்று அங்கே வாசல் எதுவும் இல்லை, பேருந்து நிறுத்தம்தான். மூன்றாவது, விட்டவாசல். அம்மன் சன்னதிக்குக் கிழக்கே மாசி வீதிக்கும் உள்ளே நிற்கும் இந்தக் கல்வாசல் பாண்டியர் கோட்டையின் கிழக்கு வாசல். விஸ்வநாத நாயக்கர் பழைய கோட்டையை இடித்துப் பெரிதாகக் கட்டியபோது இடிக்காமல் விட்டதால் விட்டவாசல். பாண்டியர் கோட்டை எவ்வளவு சிறியது என்பதைக் காலால் அளக்க இதைவிட நல்ல இடம் கிடையாது: விட்டவாசலிலிருந்து கீழவாசல் வரை நடந்தால் நகரம் கிழக்கே எவ்வளவு வளர்ந்தது என்று தெரிந்துவிடும்.

நாயக்கர் கோட்டைக்கு 72 கொத்தளங்கள் (மதிலிலிருந்து துருத்தி நிற்கும் காவல் மேடைகள்), ஒவ்வொன்றும் ஒரு பாளையக்காரர் பொறுப்பு என்பது மரபு. மேற்குப் பக்கக் கொத்தளத் துண்டு ஒன்று பெரியார் பேருந்து நிலையத்தை ஒட்டி இன்றும் இருக்கிறது.

---

கூடல் வாசகன்:

மிக்க நன்றி. மராட்டியர் வரியை அடித்துவிட்டேன். இரண்டு சந்தேகம். கான்சாமேட்டுத் தெருவில் 'கான்சா' யார்? எழுத்தாணிக்காரத் தெரு, வளையல்காரத் தெரு, வெங்கலக்கடைத் தெரு, நெல்பேட்டை இவற்றை எல்லாம் 'தொழிற்பெயர்கள்' என்று ஒரே தலைப்பில் போட்டால் தப்பாகுமா?

---

கொத்தளம்:

கான்சாகிபு. மருதநாயகம் என்று இன்று எல்லோரும் சொல்லும் யூசுப்கான். கம்பெனிப் படையில் உயர்ந்து மதுரையை நிர்வகித்து, பின்னர் நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து நின்று, 15 அக்டோபர் 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டவர். பேச்சில் கான்சாகிபு 'கான்சா' ஆகிவிட்டது. அடக்கமான இடம் சம்மட்டிபுரத்தில். 'கஞ்சா மேடு' என்று ஒரு கேலி உண்டு, மாணவர்கள் நிச்சயம் சொல்வார்கள், முன்கூட்டியே தயாராக இருங்கள்.

---

மூலப்பத்திரம் எழுதியது:

தொழில் தலைப்பைப் பற்றி: தப்பில்லை, ஆனால் உள்ளே இரண்டாகப் பிரியுங்கள். '-காரத் தெரு' என்றால் அந்தத் தொழிலாளர்கள் குடியிருந்து வேலை செய்த தெரு. எழுத்தாணிக்காரத் தெருவில் எழுத்தாணி செய்தவர்கள், ஓலைச்சுவடி எழுதிய காலத்துத் தேவை. '-கடைத் தெரு' விற்பனை மட்டும். 'பேட்டை' என்பது சுமை வண்டிகள் வந்து இறக்கி மொத்த வியாபாரம் நடந்த இடம், பெரும்பாலும் கோட்டை வாசலுக்குப் பக்கத்திலோ ஆற்றுப் பக்கத்திலோ இருக்கும். நெல்பேட்டை வைகைக்கு அருகில் இருப்பது தற்செயல் இல்லை. தளவாய் அக்கிரகாரம் போன்றவை தொழிலும் இல்லை, பதவியின் பெயர். தளவாய் நாயக்கர் ஆட்சியில் படைக்கும் நிர்வாகத்துக்கும் தலைவர்.

ஆறாவது கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அங்கேதான் எல்லோரும் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் தெருவை எண்ணால் பிடியுங்கள், பெயரால் அல்ல. பெயர் மாறும், எழுத்து மாறும். நகர நில அளவைப் பதிவேட்டில் வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் மூன்றும் இருக்கும். அந்தத் தெருவின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு மனையின் எண்ணை எடுத்துக்கொண்டால் போதும். கதவு எண்ணை நம்பாதீர்கள். பழைய எண், புதிய எண் என்று பலகையிலேயே இரண்டு இருக்கிறது, அதற்கும் முந்தையது மூன்றாவதாகப் பத்திரத்தில் இருக்கும்.

அடுத்தது பத்திரம். தெருவில் மூன்று தலைமுறையாக இருக்கும் வீட்டாரிடம் மூலப்பத்திரத்தின் நகலைப் பார்க்க அனுமதி கேளுங்கள். விலை, பெயர் எதுவும் உங்களுக்கு வேண்டாம். சொத்து விவரத்தில் உள்ள நான்கெல்லைப் பத்தி மட்டும் போதும், பழைய ஆவணங்களில் சக்குபந்தி என்று இருக்கும். அதில்தான் 'இன்ன சந்து என்கிற இன்ன தெரு' என்று பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே வரியில் அகப்படும்.

இங்கே ஒரு பொறி. 'தெருவுக்குக் கிழக்கு' என்று எழுதியிருந்தால் தெரு கிழக்கே இருக்கிறது என்று பொருள் இல்லை. சொத்து தெருவுக்குக் கிழக்கே இருக்கிறது, அதாவது தெரு சொத்துக்கு மேற்கே. 'கிழக்கில் தெரு' என்று எழுதினால்தான் தெரு கிழக்கே. இந்த இரண்டு முறையும் பழக்கத்தில் உண்டு. தலைகீழாகப் படித்தால் பக்கத்துச் சந்தின் பெயரை உங்கள் சந்துக்குச் சூட்டிவிடுவீர்கள். நான்கு எல்லையையும் காகிதத்தில் வரைந்து பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

தேதியும் அப்படித்தான். பசலி ஆண்டு (வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டு) போட்டிருந்தால் 590 கூட்டுங்கள், பசலி ஜூலையில் தொடங்கும் என்பதால் ஜனவரி முதல் ஜூன் வரையிலான தேதிகளுக்கு ஓராண்டு கூடுதலாக, அதாவது 591, கூட்ட வேண்டும். வருஷப் பெயர் மட்டும் இருந்தால் (பிரபவ, விபவ வகை) 60 ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். முத்திரைத்தாளையோ பதிவு எண்ணையோ வைத்துத்தான் எந்தச் சுற்று என்று தீர்மானிக்க முடியும்.

பத்திரம் கிடைக்காவிட்டால் சார்பதிவகம். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதலான வில்லங்க விவரம் இணையத்திலேயே கிடைக்கும். அதற்கு முந்தியதற்குக் கட்டணம் கட்டிக் கையால் தேட வேண்டும். பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் யாரும் பார்க்கலாம். ஆள் பெயர் அட்டவணை ஒன்று, சொத்து அட்டவணை இன்னொன்று. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது, அது ஊர், தெரு வாரியாக இருக்கும். பல பேர் முதலாவதைக் கேட்டு, 'யார் பெயர்?' என்று எதிர்க்கேள்வி வந்ததும் திரும்பிவிடுகிறார்கள்.

மூன்றாவது, மாநகராட்சியின் சொத்துவரிக் கேட்பேடு. மதுரை 1866இல் நகராட்சி, 1971இல் மாநகராட்சி. நகராட்சிக் காலத்துப் பதிவேடுகளில் தெருப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கும், ழகரமும் நெடிலும் தொலைந்திருக்கும். அதைப் பார்த்துத் தமிழில் திருப்பி எழுதியதால்தான் பல பெயர்கள் கெட்டன. மாரட்டுக்கு நேர்ந்தது மற்றவற்றுக்கும் நேர்ந்திருக்கும் என்று வைத்துக்கொண்டே படியுங்கள்.

பெயரில் சாதிப் பட்டம் இருந்த தெருக்களுக்கு அரசு ஆணைகளுக்குப் பிறகு பலகையில் பட்டம் நீங்கியிருக்கும், பத்திரத்தில் நீங்கியிருக்காது. தேடும்போது பட்டத்தோடும் பட்டமில்லாமலும் இரண்டு விதமாகவும் தேடுங்கள். இல்லாவிட்டால் பாதி ஆவணம் கண்ணில் படாது.

கடைசியாக ஒரு வடிகட்டி. ஆள் பெயரில் உள்ள தெரு என்றால், அந்தப் பெயர் முதலில் எழுதப்பட்ட ஆண்டைக் கண்டுபிடியுங்கள். கதையில் வரும் ஆள் அந்த ஆண்டுக்கு அப்புறம் பிறந்தவர் என்றால் கதை அங்கேயே முடிந்தது. ஆள் முந்தியவர் என்றால் மட்டும் கதை உண்மை என்று ஆகிவிடாது, தெருவுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு (வீடு, தர்மம், சத்திரம், வேலை) ஆவணத்தில் தெரிய வேண்டும். மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் இந்தச் சோதனையில் தேறுகிறார்கள்: வீதி எப்போது போடப்பட்டது என்பதும் தெரியும், அவர்கள் அதில் என்ன செய்தார்கள் என்பதும் தெரியும்.

---

நாலுகால் மண்டபம் எழுதியது:

மேலே உள்ளவை எல்லாம் சரி. கட்டடப் பெயர்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை, கேள்வித் தலைப்பில் அதுவும் இருக்கிறது.

புதுமண்டபம்: திருமலை நாயக்கர் கட்டியது. கட்டி முந்நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாகியும் 'புது'தான். கோயிலுக்குள் ஏற்கெனவே இருந்த மண்டபங்களோடு ஒப்பிட்டு வைத்த பெயர். வசந்த உற்சவத்துக்காகக் கட்டியதால் வசந்த மண்டபம் என்றும் பெயர். தையல்காரர்களையும் புத்தகக் கடைகளையும் அங்கே தேடாதீர்கள், குன்னத்தூர் சத்திர வளாகத்துக்கு மாறிவிட்டார்கள்.

ராயகோபுரம்: புதுமண்டபத்துக்குக் கிழக்கே, கல்காரம் (கல்லால் கட்டும் அடிப்பகுதி) வரைதான் எழும்பியது. அடித்தளத்தின் அளவைப் பார்த்தால் முடிந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். மாணவர்கள் 'கோபுரம் எங்கே?' என்று கேட்பார்கள். நிலைக்கால்கள்தான் கோபுரம்.

மொட்டைக் கோபுரம்: வடக்குக் கோபுரம். நெடுங்காலம் மேல்நிலை முடியாமல் நின்றதால் வந்த பெயர். பின்னால் கட்டி முடித்தும் சுதை உருவங்கள் மற்ற கோபுரங்களைவிடக் குறைவு, அதனால் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆயிரங்கால் மண்டபம்: தூண்கள் 985. 'ஆயிரம்' பெரிய எண்ணிக்கை என்பதற்கான வழக்கு. எண்ணிப் பார்த்து ஏமாந்துபோக வேண்டியதில்லை என்று கையேட்டிலேயே எழுதிவிடுங்கள்.

எழுகடல் தெரு: பலகையில் ஏழுகடல். காஞ்சனமாலைக்காக இறைவன் ஏழு கடலையும் ஓரிடத்துக்கு வரவழைத்த திருவிளையாடலோடு சேர்த்துச் சொல்லப்பட்ட குளம் அங்கே இருந்தது, இப்போது கடைகள். புராணம் குளத்தின் பெயருக்குக் காரணம், குளம் தெருவின் பெயருக்குக் காரணம். கையேட்டில் இந்த இரண்டு படியையும் தனித்தனியே எழுதுங்கள். 'கடல் வந்த தெரு' என்று ஒரே வரியில் எழுதினால் புராணத்தை வரலாறாகச் சொன்னதாகிவிடும்.

சிம்மக்கல், யானைக்கல்: சிங்கம், யானை கற்சிலைகளால் வந்தவை. சிலை அடையாளமாக இருந்து வட்டாரத்துக்கே பெயராகிவிட்டது. யானைக்கல்லை ஒட்டி ஆற்றைக் கடப்பது கல்பாலம். 1889இல் திறந்த ஏ.வி. பாலம் வேறு, அதன் முழுப்பெயர் ஆல்பர்ட் விக்டர் பாலம்.

தேர்முட்டி சொன்னதில் ஒரு சின்னச் சேர்க்கை. மதுரையில் பொதுவாக 'வீதி' என்றால் கோயிலைச் சுற்றும் சுற்று, 'தெரு' என்றால் மற்றவை. மாரட், பெருமாள் மேஸ்திரி இரண்டும் புறப்பாடு காணாதவை. ஆனாலும் அந்தச் சுற்று முறையிலேயே போடப்பட்டதால் வீதி என்று பெயர் பெற்றன. கையேட்டில் 'மாசித் தெரு' என்று எழுதிவிட்டால் உள்ளூர்க்காரர்கள் முதல் பக்கத்திலேயே மூடிவிடுவார்கள்.

---

தேர்முட்டி:

ஒப்புக்கொள்கிறேன். 'மேல', 'கீழ' பற்றியும் ஒரு வரி வேண்டும். வெளியூர்ப் பிள்ளைகள் மேல மாசி என்றால் மேட்டில் இருப்பது, கீழ மாசி பள்ளத்தில் இருப்பது என்று நினைக்கிறார்கள். மேற்கு, கிழக்கு அவ்வளவுதான். தெற்கு, வடக்கை மட்டும் முழுசாகச் சொல்வது ஊர் வழக்கம்.

நடைக்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள்?

---

கூடல் வாசகன்:

காலை ஆறரைக்குத் தொடங்கி இரண்டரை மணி நேரம். கோயிலுக்குள் ஆடி வீதி, பிறகு நான்கு சித்திரை வீதி, நான்கு ஆவணி மூல வீதி, நான்கு மாசி வீதி, கடைசியில் வெளி வீதி என்று ஒவ்வொரு சுற்றாக.

---

கொத்தளம்:

முடியாது. ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிடப் பெரிது. மாசிச் சுற்றிலேயே பிள்ளைகள் துவண்டுவிடுவார்கள், வெளி வீதிக்குப் போகும்போது கடைகள் திறந்து லாரி வந்துவிடும். சுற்றாதீர்கள், வெட்டிக்கொண்டு போங்கள். கிழக்கு நோக்கி ஒரே கோடு: ஆடி வீதி, கீழச் சித்திரை வீதி, புதுமண்டபம், எழுகடல் தெரு, ராயகோபுரம், கீழ ஆவணி மூல வீதி, விட்டவாசல், கீழமாசி வீதியில் தேர்முட்டி. அங்கிருந்து தெற்கே விளக்குத்தூண், பத்துத்தூண் சந்து, மஹால், நவபத்கானா தெரு. நாலு மாத வீதியும், பாண்டியர் வாசலும், நாயக்கர் அரண்மனையும், கலெக்டர் தூணும் இந்த ஒரு வழியிலேயே வந்துவிடும். மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் பார்க்கவேண்டும் என்றால் இன்னொரு நாள், ரயில் நிலையத்துப் பக்கமிருந்து: மங்கம்மாள் சத்திரம், மேல வெளி வீதி, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, மேலமாசி.

---

நாலுகால் மண்டபம்:

கோயிலுக்குள் கைபேசி கூடாது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்த பிறகு வந்த தடை. ஆகவே ஆடி வீதியில் படம் எடுக்கும் பணியைக் கையேட்டில் கொடுக்காதீர்கள், பென்சிலால் வரையச் சொல்லுங்கள். பையையும் கைபேசியையும் ஒப்படைத்துத் திரும்பப் பெற ஐம்பது பிள்ளைகளுக்கு எளிதாக அரைமணி போகும். பொருட்களை வெளியே ஒரு ஆசிரியரிடம் விட்டுவிட்டு உள்ளே போவது மேல். சித்திரை வீதிகளில் வண்டி கிடையாது, கூட்டத்தை நிறுத்திப் பேச அதுதான் இடம். கீழமாசியில் நின்று பேசவே முடியாது, மளிகை மொத்த வியாபாரம், மூட்டை இறக்குவார்கள். அங்கே சொல்ல வேண்டியதை விட்டவாசலிலேயே சொல்லி முடித்துவிடுங்கள்.

---

மூலப்பத்திரம்:

அச்சுக்குப் போகும் முன் ஒன்று. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துக் குறி போடுங்கள்: ஆவணம் இருந்தால் ஆ, கட்டடமோ சிலையோ கண்ணெதிரே இருந்தால் க, விழாவோடு இன்றும் பொருந்தினால் வி, கேள்விப்பட்டது மட்டும் என்றால் கே. இந்த இழையில் வந்த பெயர்களில் மாரட், பெருமாள் மேஸ்திரி ஆ. விட்டவாசல், பத்துத்தூண் க. ஆடி, ஆவணி மூலம் வி. 72 கொத்தளத்துக்கு 72 பாளையம் என்பது கே. எழுகடலுக்கு இரண்டு படி என்பதால் இரண்டு குறி. பிள்ளைகள் தங்கள் தெருப் பெயரை எழுதி வரும்போதும் இதே குறியைக் கேட்டு வாங்குங்கள், ஏராளமாக 'கே' வரும், அதைத் திருத்தாமல் அப்படியே விடுங்கள். அதில் எது 'ஆ' ஆகும் என்று தேடுவதற்குத்தான் சார்பதிவகம் இருக்கிறது.

---

கூடல் வாசகன்:

குறி முறையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். வழியையும் கொத்தளம் சொன்னபடி மாற்றியாயிற்று. 'மாசித் தெரு' மூன்று இடத்தில் இருந்தது, வீதி ஆக்கிவிட்டேன்.